சைக்கிள் ஏன் அடிக்கடி பஞ்சர் ஆகிறது?

தினமும் சைக்கிளில் வேலைக்கோ பள்ளிக்கோ போகிறவர்களுக்கு வெயிலும் மழையும் எதிர்க்காற்றும் பழகிவிடும். பஞ்சர் மட்டும் பழகுவதில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய காலையில் பின்சக்கரம் காற்றிறங்கி நின்றால் அது அன்றைய கூலியில் தெரியும், பள்ளி வருகைப் பதிவில் தெரியும். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படி ஆகிறவர்கள், தங்கள் வண்டியின் ராசியே அதுதான் என்று ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சருக்கு ராசி கிடையாது, காரணம் உண்டு. டியூபில் விழுந்த ஓட்டையின் இடத்தையும் வடிவத்தையும் பார்த்தே பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்துவிடலாம். அதைப் பார்க்காமல் ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டுக் கிளம்புவதால்தான் அதே பஞ்சர் திரும்பத் திரும்ப வருகிறது.

டயரின் வேலை, டியூபின் வேலை

காற்றடைத்த சக்கரத்துக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-லேயே பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். அப்போது அது பரவவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதைப் புதிதாக உருவாக்கி 1888-ல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகே சைக்கிள்கள் காற்றின் மேல் ஓடத் தொடங்கின. டன்லப்பின் டயர் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஆனால் அதைப் பிரித்து, ஓட்டையை அடைத்து, மறுபடி ஒட்டிக் காயவைக்கப் பல மணி நேரம் ஆகும். பிரான்சின் மிஷலான் சகோதரர்கள் 1891-ல் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு அந்த டயரை மாட்டிக்கொண்டு சார்ல் டெரோன் என்ற வீரர், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமுள்ள பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தை வென்றார். சாலையோரத்தில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டும் வழக்கம் சாத்தியமானது இந்த மாற்றத்தால்தான்.

இன்றைய சைக்கிள் சக்கரத்தில் டயருக்கும் டியூபுக்கும் வேலை தெளிவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டயரின் ரப்பருக்குள் நைலான் அல்லது பருத்தி நூல்கள் குறுக்குமறுக்காக அடுக்கப்பட்டிருக்கும். காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்கள். டியூப் மெல்லிய ரப்பர்தான். காற்றைக் கசியாமல் பிடித்து வைப்பது மட்டுமே அதன் பொறுப்பு. டயருக்கு வெளியே எடுத்துக் காற்றடித்தால் அது ஊதிக்கொண்டே போகும், அழுத்தம் ஏறாது. ஆகவே எங்காவது டயர் தன் வேலையைச் செய்யத் தவறும்போதுதான் டியூப் அடிபடுகிறது. பஞ்சர் டியூபில் விழுந்தாலும் தேட வேண்டிய காரணம் டியூபுக்கு வெளியே இருக்கிறது.

ஓட்டை எங்கே இருக்கிறது?

டியூபை வெளியே எடுக்கும்போதே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து கழற்றினால் போதும். டியூப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை மறக்காமல், காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வால்வை ரிம்மின் துளைக்கு நேராக வைத்து டியூபைச் சக்கரத்தின் மேல் பழையபடி படுக்க வைத்தால், ஓட்டைக்கு நேர் எதிரே டயரிலோ ரிம்மிலோ காரணம் இருக்கும்.

ஓட்டை சாலையைப் பார்த்த பக்கத்தில், ஊசி குத்தியதுபோல் ஒன்றே ஒன்றாக இருந்தால் முள், ஆணி, கண்ணாடிச் சில்லு, கம்பித் துணுக்கு இவற்றில் ஒன்று டயரைத் துளைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் முதல் சந்தேகம் சீமைக்கருவேல முள்ளின் மேல்தான் விழ வேண்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரம் இன்று கண்மாய்க் கரையிலும் சாலையோரத்திலும் அடர்ந்து நிற்கிறது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி ஏற்றிப் போகும்போது முள் சாலையில் சிந்துகிறது. மண் பாதைகளில் நெருஞ்சி இன்னொரு தொல்லை. அதன் காய் முற்றிக் காய்ந்ததும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் பல திசைகளில் முள் நீட்டிக்கொண்டிருப்பதால், அது எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முனை மேல் நோக்கியே இருக்கும்.

முள்ளிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. குத்திய பின் வெளிப்புறத்தில் ஒடிந்து, நுனி மட்டும் டயருக்குள் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் டயர் நசுங்கி விரியும்போது அந்த நுனி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகரும். ஒட்டுப் போட்ட டியூப் இரண்டு நாளில் அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி ஓட்டையாகும். அடிக்கடி பஞ்சர் ஆகிறது என்ற புகாரில் பெரும் பங்கு இப்படித் தங்கிப்போன ஒரே முள்ளின் வேலை. டயரின் உட்புறத்தைப் பழைய பருத்தித் துணியால் மெல்லத் துடைத்துக்கொண்டு போனால், நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. வெறும் விரலால் தடவினால் கையைக் கிழித்துவிடும்.

ஓட்டை ஒன்றாக இல்லாமல், பாம்பு கடித்த தடம்போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல்களாக இருந்தால் முள்ளைத் தேட வேண்டியதில்லை. காற்று குறைந்த சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மோதியபோது, டயர் முழுவதுமாக நசுங்கி, டியூப் ரிம்மின் இரு ஓரங்களுக்கும் சாலைக்கும் நடுவே மாட்டிக் கிழிந்திருக்கிறது.

ஓட்டை சக்கரத்தின் மையத்தைப் பார்த்த உள்பக்கத்தில் இருந்தால் குற்றவாளி ரிம். ஸ்போக்ஸ் கம்பியின் நுனி நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கலாம். அதை மூட வேண்டிய ரிம் டேப் நைந்தோ நகர்ந்தோ போயிருக்கலாம். சக்கரத்தின் கோட்டம் எடுத்துக் கம்பிகளை இறுக்கிய பிறகு இது அடிக்கடி நடக்கும். நீட்டிய நுனியை அரத்தால் தேய்த்துவிட்டுப் புது டேப் சுற்றினால் தீர்ந்தது.

வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பெரும்பாலும் ஒட்டு நிற்காது, டியூபை மாற்ற வேண்டும். காற்று குறைவாக ஓட்டும்போது டயர் ரிம்மின் மேல் மெல்ல நகர்ந்து டியூபையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வு சாய்ந்து நிற்பது அதற்கு அடையாளம்.

இரவில் நிறுத்திய வண்டி காலையில் காற்றிறங்கி நிற்கிறது, தண்ணீரில் முக்கினாலோ டியூபில் குமிழியே இல்லை. அப்படியானால் வால் டியூபைப் பாருங்கள். நம் சாதாரண சைக்கிள் வால்வின் உள்ளே ஒரு சிறு உலோகக் குழாயும், அதன் பக்கத் துளையை மூடிய ரப்பர் உறையும் இருக்கும். பம்பிலிருந்து வரும் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், உள்ளிருக்கும் காற்று அதே ரப்பரை அழுத்தித் துளையை மூடிவிடும். நாளாக ஆக ரப்பர் வெடித்துக் கசியும். வால்வின் வாயில் எச்சிலைத் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது பஞ்சர் கடைக்காரர்களின் வழக்கம். மிகச் சரியான சோதனை அது.

காற்றின் கணக்கு

ஓட்டுபவரும் வண்டியுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 50 கிலோ பின்சக்கரத்தில் இறங்கும். டயரில் 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3.5 கிலோ. அந்த 50 கிலோவைத் தாங்க டயர் தரையில் ஏறத்தாழ 14 சதுர சென்டிமீட்டர் படிந்தால் போதும். அழுத்தம் பாதியானால் படியும் பரப்பு இரு மடங்காகும். டயர் அதிகம் நசுங்கும், ரிம் தரையை நெருங்கும். இரட்டைக் கீறலும் வால்வுக் கிழிசலும் வருவது இந்த நிலையில்தான். கேரியரில் குழந்தையையோ மூட்டையையோ ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எந்த டியூபும் ஓட்டையில்லாமலே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இழக்கும். பியூட்டைல் ரப்பர் டியூபில் இந்த இழப்பு குறைவு, இயற்கை ரப்பர் டியூபில் அதிகம். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை காற்றடிப்பதைப் பழக்கமாக்க வேண்டும். எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுத்துப் புடைப்பாக அச்சிடப்பட்டிருக்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதைவிட அளவுமானி வைத்த பம்பை நம்பலாம்.

ஒட்டு நிற்பது எப்படி?

டியூபின் மேற்பரப்பில் தூசும், தயாரிக்கும்போது படிந்த பொடியும் இருக்கும். உப்புத்தாளால் ஒட்டைவிடச் சற்றே அகலமான வட்டத்தில் சொரசொரப்பாகும் வரை தேய்க்க வேண்டும். அதன் மேல் சொல்யூஷனை மெல்லியதாகப் பூசிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சொல்யூஷன் என்பது விரைவில் ஆவியாகும் திரவத்தில் கரைத்த ரப்பர். திரவம் முழுக்கப் போய், தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வந்த பின்புதான் ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் வைத்தால் அடியில் சிக்கிய திரவம் ஒட்டைத் தூக்கிவிடும். சரியாகப் போட்ட ஒட்டு டயருக்குள் போனதும் இன்னும் உறுதியாகும், ஏனென்றால் உள்ளிருக்கும் காற்றே அதை டயரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது.

பஞ்சரைக் குறைக்கும் வழிகள்

செலவில்லாத வழி போதிய காற்று. அடுத்தது தேய்ந்த டயரை மாற்றுவது. நூல் தெரிகிற டயரில் ஓட்டிக்கொண்டு டியூபைக் குறை சொல்வதில் பயனில்லை. மழை நாளில் கூடுதல் கவனம் வேண்டும். ஈர ரப்பரைக் கண்ணாடிச் சில்லு எளிதாக வெட்டும், நீர் தேங்கிய இடத்தில் சில்லு கண்ணுக்கும் தெரியாது.

முள் நிறைந்த பாதையில் தினமும் போகிறவர்கள் உள்ளே காப்புப் பட்டை வைத்த டயரை வாங்கலாம். சிலவற்றில் தடித்த ரப்பர் அடுக்கு இருக்கும். சிலவற்றில் கெவ்லார் இழை இருக்கும், ஸ்டெஃபனி க்வோலெக் 1965-ல் உருவாக்கிய அதே இழை. விலை கூடுதல், வண்டி சற்றுக் கனமாக ஓடும். டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் முள் போட்ட மெல்லிய துளையை அடைக்கும், நீளக் கிழிசலை அடைக்காது. நாளானால் உலர்ந்தும் விடும். காற்றே இல்லாத கெட்டி டயரில் பஞ்சர் என்ற பேச்சே இல்லை. ஆனால் மிதிக்கக் கடினம், சாலையின் ஒவ்வொரு அதிர்வும் ஸ்போக்ஸிலும் முதுகிலும் இறங்கும்.

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர் கடையே இல்லாத பாதையில் ஓடும் வண்டிகள் அவற்றில் நிறைய. வண்டியோடு ஒரு சிறு பம்பும், உப்புத்தாளும் சொல்யூஷனும் ஒட்டுகளும் வைத்த பெட்டியும், ஒரு மணி நேரப் பயிற்சியும் சேர்த்துத் தர வேண்டும். பயிற்சி தர ஊரின் பஞ்சர் கடைக்காரரையே அழைக்கலாம், அவரைவிடச் சிறந்த ஆசிரியர் இதற்கு இல்லை. அழுத்தம், பரப்பு, ரப்பரின் வேதியியல் எல்லாம் பாடப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைத் தன் சொந்தச் சக்கரத்தில் ஒரு முறை செய்து பார்த்த மாணவி அடுத்த பஞ்சருக்காகப் பள்ளியைத் தவறவிட மாட்டாள்.