கிராண்ட் எங்கே, தம்பி?

வானொலியில் தினமும் காலை சாலை நெரிசலைச் சொல்வது என் வேலை. மனமோ செம்மண் பாதையில்தான் ஓடும். புக்கிட் தெங்காவில் ஒரு ஸ்கிரேம்ப்ளர் விலைக்கு வந்திருப்பதாக நண்பர் சொன்னதும், அப்பாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உயரமான வண்டி, கரடுமுரடான டயர். விளக்கு, கண்ணாடி, சிக்னல் எதுவும் இல்லை. "மாட்டிட்டா ரோட்ல ஓட்டலாம் பாஸ்" என்றார் விற்பவர். முன்பணத்தை எடுத்தேன்.

லோரி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா அவரிடம் ஒன்றுதான் கேட்டார்: "கிராண்ட் எங்கே, தம்பி?"

இல்லை. போட்டிக்கென்றே தயாரான வண்டி அது.

அப்போதுதான் உறைத்தது. வெறும் விளக்கு மாட்டினால் போதாது, பதிவு வேண்டும். ஜேபிஜேயின் ஒப்புதல் இல்லாத மாடலுக்குப் பதிவு கிடையாது. பதிவு இல்லாவிட்டால் சாலை வரியும் இல்லை, காப்புறுதியும் இல்லை. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் ஒரு பள்ளிப் பிள்ளையை இடித்துவிட்டால்? அந்த இழப்பீட்டை என் சம்பளத்தில் கட்டி முடிப்பேனா?

மூன்று மாதம் பொறுத்து, பதிவான பழைய காவாசாகி கேஎல்எக்ஸ் 250 வாங்கினேன். 250 சிசி வரை ஓட்ட என் பி2 லைசென்ஸ் போதும். சாலை வரி ஆண்டுக்கு 50 வெள்ளி. எஞ்சின் எண், சேஸி எண் இரண்டையும் கிராண்டோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுத்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் உடம்பெல்லாம் சேற்றோடு வீடு திரும்புகிறேன். வழியில் போலீஸ் கை காட்டினாலும் நெஞ்சு படபடப்பதில்லை.

நேயர்களே, வண்டியைப் பார்க்கும் முன் கிராண்டைப் பாருங்கள்.