நின்ற ரத்தம் திரும்பும்போது திசு ஏன் காயப்படுகிறது? அக்குபங்சர் அதைத் தடுக்குமா?

மாரடைப்பு வந்தவருக்கு அடைப்பை எடுத்தாச்சு, ரத்தம் ஓட ஆரம்பிச்சாச்சு, இனி பயமில்லை என்றுதான் நினைப்போம். ஆனால் ரத்தம் திரும்பும் முதல் சில நிமிடங்களிலேயே இதயத் தசைக்கு இரண்டாவது அடி விழுகிறது. இதற்கு ‘ரீபெர்ஃப்யூஷன் காயம்’ என்று பெயர். பக்கவாதம், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையிலும் இதே சிக்கல் உண்டு. அக்குபங்சர் இதைக் குறைக்குமா என்று சீனாவில் பல ஆண்டுகளாக ஆய்வுகள் நடக்கின்றன.

ஆக்சிஜனே எதிரியாவது எப்படி?

ரத்தம் நின்றால், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் தேங்குகிறது. ரத்தத்தோடு ஆக்சிஜன் திரும்பியதும் அது மளமளவென்று எரிந்து, ஃப்ரீ ரேடிக்கல்களை உருவாக்குகிறது. 2014-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இதை விளக்கியது. இவற்றை அடக்கும் என்சைம்கள் நம் உடலிலேயே உண்டு. அவை சமாளிக்க முடியாத நிலைதான் ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’. அப்போது செல்லின் சவ்வும் டிஎன்ஏவும் சிதைகின்றன.

ஊசி என்ன செய்கிறது?

இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது எலெக்ட்ரோ அக்குபங்சர். அதாவது, குத்திய ஊசிகள் வழியே லேசான மின்சாரம் செலுத்துவது. இதயத்துக்கு மணிக்கட்டின் உட்புறத்துக்குச் சற்று மேலே உள்ள ‘நெய்குவான்’ புள்ளி, மூளைக்கு உச்சந்தலையில் உள்ள ‘பாய்ஹுய்’ புள்ளி. எலிகளிடம் செய்த பல சோதனைகளில், ஃப்ரீ ரேடிக்கல்களை அடக்கும் என்சைம்கள் கூடின. இறந்த திசுவின் அளவு குறைந்தது.

மனிதர்களிடம் பலித்ததா?

2010-ல் வெளியான ஒரு சீன ஆய்வில், இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் 5 நாட்கள் இந்தச் சிகிச்சை தரப்பட்டது. இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின், அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் மொத்தமே 60 பேர்.

சின்ன ஆய்வில் ஜெயித்தது பெரிய ஆய்விலும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. விலங்குகளிடம் நன்றாக வேலை செய்த சைக்ளோஸ்போரின் மருந்து, 2015-ல் 970 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தரவில்லை.

அப்போ, நெஞ்சு வலி வந்தால்?

இன்னொரு விஷயம், அந்த 60 பேருக்கும் அறுவை சிகிச்சை தேதி முன்பே தெரியும். மாரடைப்பு அப்படித் தேதி சொல்லிவிட்டு வருவதில்லை. ரத்தம் திரும்புவதால் காயம் வருமே என்று தயங்கவும் கூடாது. ரத்தம் திரும்பாவிட்டால் அந்தத் தசை மொத்தமாகச் செத்துவிடும்.

அதனால் நெஞ்சு வலி, திடீரென வாய் கோணுவது, கை கால் செயலிழப்பது என எது நடந்தாலும் முதல் வேலை 108-க்கு அழைப்பதுதான். அக்குபங்சர் சென்டருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இழக்கும் ஒவ்வொரு நிமிடமும், இதயமும் மூளையும் இழக்கும் செல்கள்.