மாரடைப்பும் மலைப்பாதையும்

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்பவை கொரோனரி தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்பு படிவதுதான் அடைப்பின் தொடக்கம். இளவயதிலேயே தொடங்கும் இந்தப் படிவு, எந்த அறிகுறியும் காட்டாமல் பல ஆண்டுகள் வளரும். குழாய் முக்கால் பங்கு குறுகிய பிறகு, நடக்கும்போது நெஞ்சு இறுக்கும்; நின்றால் விடும். சமவெளியில் தெரியாத இந்த இறுக்கம், குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து பெட்போர்டு ஏறும்போதோ, தேயிலைச் சரிவில் கொழுந்து மூட்டையோடு ஏறும்போதோ தலைகாட்டிவிடும்.

மாரடைப்பு வரும் வழி வேறு. படிவின் மேல்தோல் கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை ஒரேயடியாக அடைத்துவிடுகிறது. பாதி அடைப்பு மட்டுமே உள்ளவருக்கும் இது நேரலாம். போன மாதம் எடுத்த ஈ.சி.ஜி. நன்றாகத்தானே இருந்தது என்று வீட்டார் திகைப்பது இதனால்தான்.

யாருக்கு வரும் என்பது ஓரளவு கணிக்கக்கூடியதே. கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. புகையிலை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம் உள்ளிட்ட ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்பு ஆபத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பொறுப்பு என்று அது காட்டியது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதையொட்டி வந்தது. மற்றவர்களுக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டு தள்ளி.

நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறிப்பவருக்கு உடலுழைப்பில் குறையில்லை. ஆனால் உழைப்பு மட்டும் காப்பாற்றிவிடாது. கன்னத்தில் அடக்கிய புகையிலையும், கண்டுபிடிக்கப்படாத பிரஷரும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். குளிரும் சேர்ந்துகொள்ளும்: தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் உயர்வதால், உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் இதயத்துக்குச் சுமை கூடும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. அங்கேயே வாழ்பவர் உடல் இதற்குப் பழகியிருக்கும். சுற்றுலா வரும் இதய நோயாளிகள்தான் முதல் ஓரிரு நாள் அலையாமல் இருப்பது நல்லது.

குழாய் முழுவதும் அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்குகிறது. 2008இல் வெளியான கிரியேட் ஆய்வில், இந்திய நோயாளிகள் வலி தொடங்கி மருத்துவமனை சேர்ந்த இடைநிலை நேரம் ஆறு மணி. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் வசதியானோரில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். வித்தியாசத்துக்குக் காரணம் உடல்வாகு அல்ல, கிடைத்த சிகிச்சை.

நீலகிரியில் இந்த நேரக் கணக்கு இன்னும் கடுமை. ஊட்டியிலிருந்து கோவை 85 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. நடுவே கொண்டை ஊசி வளைவுகள், கோடையில் சுற்றுலா வாகன நெரிசல், ஐப்பசி மழையில் மண்சரிவு. கூடலூர் பக்கத்தவர் பலர் கேரளத்துக்கே போகிறார்கள். இத்தகைய ஊர்களுக்குப் பொருந்தும் வழியை தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி முதலிய இதய மருத்துவர்கள் தமிழ்நாட்டிலேயே சோதித்தார்கள். சிறிய மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, உறைவைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போடுவது, பிறகு ஆஞ்சியோவுக்கு மாற்றுவது என்பதே முறை. 2,420 நோயாளிகளைக் கொண்ட இந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளின் முதல் வேளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது.

பிழைத்தவரின் வருங்காலம், எவ்வளவு தசை மிஞ்சியது என்பதைப் பொறுத்தது. எக்கோவில் இதயத்தின் பம்பிங் 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. 40க்குக் கீழே போனால் மூச்சிரைப்பும் கால்வீக்கமும் தொடரக்கூடும். 35க்குக் கீழே திடீர் மரண ஆபத்து கூடும்.

அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறு குழாயை இணைப்பது பைபாஸ். இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்தது. நெஞ்சுத் தமனியைக் கொண்டு செய்த இணைப்புகளில் பெரும்பாலானவை பத்தாண்டு கடந்தும் திறந்திருக்கும். காலிலிருந்து எடுத்த சிரைகளில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைபடும். பல குழாய் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்டைவிட பைபாஸே மேல் என்று 2012இல் ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. மாரடைப்பு வராத, நிலையான நெஞ்சுவலிக்காரர்களில் ஸ்டென்டோ பைபாஸோ மாத்திரையைவிட உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்கிறது 2020இன் இஸ்கீமியா ஆய்வு. அடைப்பை எடுத்தாயிற்று, நோய் போயிற்று என்ற நம்பிக்கை தவறு. நோய் எல்லாக் குழாய்களிலும் இருக்கிறது.

ஸ்டென்ட் வைத்தவர் மருத்துவரைக் கேளாமல் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டே அடைபடலாம். புகையை விட்டவருக்கு மரண ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது; இதற்குச் செலவே இல்லை. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது.

ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு அதிகம். நெஞ்சில் பாரமும் வியர்வையும் கால் மணி நேரம் நீடித்தால், கேஸ் என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. கோவைக்கே போய்விடலாம் என்று காரை எடுக்கவும் கூடாது. 108ஐ அழைத்து, ஈ.சி.ஜி. வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கு முதலில் போக வேண்டும்.