சூரியனைப் பார்த்திருக்கும் கலம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மூடுபனி இறங்கிவிட்டால், கொழுந்து பறிப்பவர்களுக்குச் சூரியன் தெரியாது. பனியும் மேகமும் இரவும் மறைக்காத இடம் உண்டா? உண்டு. பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து ஒரு கலத்தைப் பூமியோடு கூடவே சூரியனைச் சுற்ற வைக்கும் இடம் அது.

இந்தியா 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவிய ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6ஆம் நாள் அங்கு சேர்ந்தது. அப்போது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி.

கலத்தை நடுப்புள்ளியில் நிறுத்தினால், பூமியிலுள்ள அலைவாங்கி சூரியனையே நோக்க வேண்டும். அதன் இரைச்சலில் கலத்தின் செய்தி அமுங்கிவிடும். ஆகவே அப்புள்ளியைச் சுற்றி ஏறத்தாழ 178 நாளுக்கு ஒருமுறை வலம் வரச் செய்கிறார்கள். மலைமுகட்டில் வைத்த உருண்டைக்கல் சற்றே அசைந்தாலும் சரிவில் ஓடிவிடும் அல்லவா? கலமும் அப்படித்தான். அவ்வப்போது சிறு உந்துபொறிகளை இயக்கித் திருத்தாவிட்டால் விலகிப் போய்விடும்.

இத்தனை பாடு எதற்கு? 1989 மார்ச்சில் சூரியப் புயலொன்றால் கனடாவின் கியூபெக் மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. புயல் கிளம்புவதைக் கண்டு முன்னதாகச் சொல்ல, இமை கொட்டாத ஒரு கண் வேண்டும்.