ஃபேன்டம் லிபர்ட்டி: தனி கேம் அல்ல, கிளைக்கதை

கம்ப்யூட்டர் கேம்களில் ஆர்.பி.ஜி. என்றொரு வகை உண்டு. ரோல் பிளேயிங் கேம் என்பதன் சுருக்கம் இது. நம் சேலம், நாமக்கல் பக்கத்துத் தெருக்கூத்தில் வேடம் கட்டுவது போல, இதில் நீங்கள் ஒரு பாத்திரமாகவே மாறிவிடுகிறீர்கள். யாரிடம் என்ன பேசுவது, யாரை நம்புவது என்று நீங்கள் எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் கதை நகரும்.

போலந்து நாட்டின் சி.டி. புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட சைபர்பங்க் 2077, இந்த வகையில் ஓர் அறிவியல் புனைகதை. இதற்கு 2023 செப்டம்பர் 26 அன்று வந்த எக்ஸ்பான்ஷன், அதாவது விரிவாக்கக் கதைதான் ஃபேன்டம் லிபர்ட்டி.

எக்ஸ்பான்ஷனை இரண்டாம் பாகம் என்று பலரும் எண்ணுகிறார்கள். ராசிபுரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன், விலை குறைவாக இருக்கிறதே என்று இதை மட்டும் வாங்கிவிட்டு, "அண்ணா, எங்கே கிளிக் செய்தாலும் ஓட மாட்டேங்குது" என்று போன் செய்தான். மூல கேம் இல்லாமல் இது ஓடாது. அதையும் ஒரே கடையில் வாங்கியிருக்க வேண்டும். ஸ்டீமில் மூல கேமை வைத்துக்கொண்டு ஜி.ஓ.ஜி.யில் விரிவாக்கத்தை வாங்கினால் இரண்டும் சேராது.

மகாபாரதத்தின் நடுவே நளன் கதை வருகிறதல்லவா? அதுபோல இதுவும் மூலக் கதை முடிந்தபின் வருவதல்ல, நடுவில் வருவது. நாயகன் வியின் (பெண்ணாகவும் ஆடலாம்) தலையில் உள்ள ஒரு சிப் அவன் உயிரை அரித்துக்கொண்டிருக்கிறது. பசிபிகா பகுதியில் வூடூ பாய்ஸ் கும்பலோடு நடக்கும் வேலை முடிந்ததும், சாங்பேர்ட் என்ற பெண் அழைக்கிறாள். டாக்டவுனில் விழுந்த விமானத்திலிருந்து நாட்டின் அதிபரைக் காப்பாற்றினால் உன்னைக் குணப்படுத்துகிறேன் என்கிறாள். அவளை நம்புவதா, இட்ரிஸ் எல்பா நடித்துள்ள உளவாளி ரீடை நம்புவதா என்பதுதான் கதையின் முடிச்சு. நளன் கதையால் பாண்டவர்களின் முடிவு மாறவில்லை. இங்கே நீங்கள் எடுக்கும் முடிவால் மூல கேமுக்கே புதியதொரு முடிவு திறக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பொறுமை இல்லாதவர்களுக்கு, புதிய ஆட்டம் தொடங்கும்போதே நேராக இந்த இடத்துக்குத் தாவும் வசதியும் உண்டு. நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வியின் நிலைமை புரியாமல் சாங்பேர்டின் பேச்சு மனதில் தைக்காது.

இனி உங்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்போம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பாமன்ஸ் டேபைக் கிளிக் செய்யுங்கள். டிஸ்க் என்ற இடத்தில் எஸ்.எஸ்.டி. என்று இருக்க வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை இந்த கேம் 2023-லேயே கைவிட்டுவிட்டது. குறைந்தது 12 ஜிபி ராம், 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜி.டி.எக்ஸ். 1060 அல்லது அதற்கு ஈடான கிராபிக்ஸ் கார்டு தேவை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் லேப்டாப் என்றால் ஆசையை ஒத்திவையுங்கள்.

மூல கேமுக்கு மட்டும் 70 ஜிபி இடம் வேண்டும். விரிவாக்கத்தையும் சேர்த்து 100 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். தினம் 1.5 ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் 70 ஜிபியை இறக்க 47 நாள் ஆகும்! 40 எம்.பி.பி.எஸ். பிராட்பேண்டில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் போதும். நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லை, ஸ்டீம் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவறி வாங்கிவிட்டால்? ஸ்டீமில் 14 நாட்களுக்குள், வாங்கியபின் மூல கேமை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். என் தம்பிக்கு அப்படித்தான் பணம் வந்தது. இப்போது இரண்டும் சேர்ந்த அல்டிமேட் எடிஷன் தள்ளுபடியில் வருவதற்காகக் காத்திருக்கிறான்.