சுழலாத தட்டு

ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஹைதராபாத்தின் குகட்பள்ளியில், மடிக்கணினி மந்தமாகிவிட்டதென்று புதியது வாங்கப் பணம் சேர்க்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, கணினியை மாற்றுமுன் அதன் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்திப் பாருங்கள் என்பதே.

ஹார்டு டிஸ்க் ஒரு சுழலும் காந்தத் தட்டு. நிமிஷத்துக்கு 7,200 தடவை சுழன்றாலும், நாம் கேட்ட தகவல் வாசிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி செகண்டுக்குச் சற்று அதிகமாகிறது. முனை நகரும் நேரம் இதற்கு மேல். எஸ்.எஸ்.டி.யிலோ சுழல்வதும் நகர்வதும் ஒன்றுமில்லை. தோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மசுவோகாவும் அவருடைய சகாக்களும் 1987-இல் அறிவித்த நாண்ட் ஃபிளாஷ் சில்லின் நுண்ணிய அறைகளில், மின்சாரம் நின்ற பின்னும் காப்புச் சுவருக்குள் தங்கிவிடும் எலெக்ட்ரான்களின் அளவே தகவலாகிறது. ஓர் அறையில் 3 பிட் வைக்க 8 நிலைகளையும், 4 பிட் வைக்க 16 நிலைகளையும் பிரித்தறிய வேண்டியிருப்பதால், விலை இறங்க இறங்க எழுதும் வேகமும் ஆயுளும் சேர்ந்தே இறங்குகின்றன.

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘விநாடிக்கு 7,000 மெகாபைட் வரை’ என்ற எண் பொய்யன்று. ஆனால் அது நீண்டதொரு கோப்பை இடைவிடாமல் வாசிக்கும்போது கிடைப்பது. கணினி விழித்தெழுவதற்கோ அங்கங்கே சிதறிக் கிடக்கும் 4 கிலோபைட் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும்; அவ்வேலையில் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு ஒரு மெகாபைட்டை எட்டவே திணறும், எஸ்.எஸ்.டி. பல பத்து மெகாபைட் தரும். ஆகவே, விநாடிக்கு 550 மெகாபைட் தரும் எளிய சாட்டா இணைப்பு எஸ்.எஸ்.டி.க்கு மாறினாலே வித்தியாசம் பிரத்தியட்சமாகத் தெரியும். அதற்குமேல் செலவிடுவது, பெரிய காணொளிகளைத் தினமும் கையாள்பவருக்கே பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

ஆயுளைப் பற்றிய பயமும் பெரும்பாலும் வீண். 1 டெராபைட் கொள்ளளவுக்கு 600 டெராபைட் எழுத்து என்று உத்தரவாதம் தரும் சாதனத்தில் நாளொன்றுக்கு 50 ஜிகாபைட் எழுதினாலும் 32 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனினும் எந்தச் சாதனமும் முன்னறிவிப்பின்றி நின்றுபோகக்கூடியதாகையால், முக்கியமான கோப்புகளுக்கு வேறோரிடத்தில் பிரதி வைத்திருப்பது அவசியம்.

கடைக்குப் போகுமுன் மடிக்கணினியில் இருப்பது இரண்டரை அங்குல அறையா, சிறு பலகை வடிவ எஸ்.எஸ்.டி.யைச் செருகும் எம்.2 துளையா என்று பாருங்கள்; எம்.2 ஆனால், அது சாட்டாவை ஏற்பதா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. இணைப்பை ஏற்பதா என்பதையும் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.