"பனி உண்டோ?" என்று கேட்டால்...

குன்னத்துகால்:

"பனி உண்டோ?" என்று கேட்கிறார் ஆஸ்பத்திரி சிஸ்டர். "ஆடி மாசத்தில் ஏது பனி, சிஸ்டர்? பனியெல்லாம் மார்கழியில்தான்!" என்கிறார் நம்மவர். உடம்போ அனலாகக் கொதிக்கிறது.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக்குப் புதிதாகப் பிழைக்க வரும் தமிழர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல்.

எல்லையோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி பக்கத்து விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு போட்ட பிறகும் கொள்வினை கொடுப்பினை நிற்கவில்லை. இரண்டு மொழியும் அவர்கள் நாவில் புரளும். தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள்தான் விழிக்கிறார்கள்.

ஒரு சொல் இப்படிப் பிரிந்தது எப்படி? பழந்தமிழில் 'பனித்தல்' என்றால் நடுங்குதல் என்றும் பொருள். மார்கழிக் குளிரிலும் நடுக்கம், காய்ச்சலிலும் நடுக்கம். நாம் குளிரைப் பிடித்துக்கொண்டோம். மலையாளிகள் காய்ச்சலைப் பிடித்துக்கொண்டார்கள்!

இந்திக்காரருக்கும் அஸ்ஸாமியருக்கும் 'பானி' என்றால் தண்ணீர். அது 'பானம்' என்ற வடசொல்லின் உறவு. போலந்து நாட்டில் 'பானி' என்பது பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். ஒலி ஒன்றுபோல் இருந்தாலும் இவற்றுக்கும் நம் பனிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆனால் தண்ணீருக்கும் மலையாளப் 'பனி'க்கும் ஆபத்தான ஓர் உறவு உண்டு. அதுதான் 'எலிப்பனி', அதாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் நின்று வேலை செய்தால், காலிலுள்ள புண், வெடிப்பு வழியே கிருமி ஏறிவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின் இது கேரளத்தில் பரவியபோது, அரசு தடுப்பு மாத்திரை வழங்கியது. கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆரம்பத்திலேயே வைத்தியம் பார்த்தால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டு உயிருக்கே ஆபத்து.

எனவே, சிஸ்டர் "பனி உண்டோ?" என்று கேட்டால் மார்கழியை நினைக்க வேண்டாம். காய்ச்சல் இருந்தால் "உண்டு" என்று சொல்லுங்கள். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது. சேற்றில் வேலை பார்த்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.